முதல் ரேடியோ கட்டுப்பாட்டுப் பாறையேறி வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

ரேடியோ கட்டுப்பாட்டுப் பாறையேறி என்பது, ரிமோட்டால் இயக்கப்படும், கல்லிலும் மேட்டிலும் ஏறுவதற்கென்றே அமைந்த சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி. ஆர்வலர்கள் இதை 'ராக் கிராலர்' என்றோ சுருக்கமாகக் 'கிராலர்' என்றோ அழைப்பர். பந்தயக் காரைப் போல் பாய்வது இதன் வேலையன்று. மனிதர் நடக்கும் வேகத்திலோ அதற்கும் குறைவாகவோ ஊர்ந்து, ஒவ்வொரு சக்கரமும் எங்கே பதிகிறது என்று பார்த்துப் பார்த்து ஏற்றுவதே இந்த விளையாட்டு.

முதல் வண்டி வாங்க நினைப்பவருக்காக, குறிப்பாக மாதவரம், திருவொற்றியூர், எண்ணூர், இராயபுரம் பகுதியில் வாழ்பவர்களை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. மற்ற ஊரார்க்கும் பெரும்பகுதி பொருந்தும்.

பொம்மையும் பொழுதுபோக்கு வண்டியும்

பொம்மைக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் 'ராக் கிராலர்' என்று அச்சிட்ட பெட்டிகள் ஏராளம். அவற்றில் பல, பெரிய சக்கரமும் ஆடும் ஸ்பிரிங்கும் பொருத்திய சாதாரண பொம்மைகளே. நானும் பேரனுக்காக ஆடித் தள்ளுபடியில் அப்படி ஒன்று வாங்கினேன். ஆவணி பிறக்கும் முன் பின் அச்சிலிருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து வழுக்கத் தொடங்கியது. அந்தப் பல்சக்கரம் மட்டும் கிடைக்குமா என்று கடையில் கேட்டேன். "சார், இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வராது, புதுசா வாங்கிக்கங்க" என்றார்கள். விரல் நுனி அளவுள்ள ஒரு பாகத்துக்காக முழு வண்டியும் பரணுக்குப் போயிற்று.

கல்லில் ஏறும் வண்டி உடையத்தான் செய்யும். உருளும், இடுக்கில் சிக்கும், அச்சு முறியும். ஆகையால் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உடைந்த பாகம் தனியாகக் கிடைக்குமா என்பது. வண்டியின் பெயரையும் 'ஸ்பேர்' என்ற சொல்லையும் இணையத்தில் சேர்த்துத் தேடிப் பாருங்கள். அச்சு, பல்சக்கரம், சர்வோ, டயர் என்று தனித்தனியாக விலைப்பட்டியல் வந்தால் அது பொழுதுபோக்கு வண்டி. முழு வண்டியின் படம் மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால் அது பொம்மை.

கடையிலேயே கையால் செய்து பார்க்கக்கூடிய சோதனைகளும் உண்டு. ரிமோட்டின் திருப்பு சக்கரத்தைச் சிறிதே திருப்புங்கள். முன் சக்கரமும் சிறிதே திரும்ப வேண்டும். தொட்டதும் 'டக்' என்று முழு இடம் அல்லது முழு வலம் போனால் அது கல்லில் பயன்படாது. அடுத்து, வண்டியைத் தூக்கி ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றப் பின் சக்கரமும் அதே திசையில் சேர்ந்து சுற்ற முயன்றால் அச்சு பூட்டப்பட்டுள்ளது. எதிர்த்திசையில் சுற்றினால் பூட்டப்படவில்லை. இதன் காரணத்தைக் கீழே காண்க.

ஏறுவது எப்படி

மாதவரம் லாரி முனையத்தைச் சுற்றி மழைக்காலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சேற்றில் மாட்டிய லாரியின் ஒரு பின் சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றும், மற்றது அசையாது. லாரிப் பட்டறைகளில் 'கிரவுன்' என்று சொல்லப்படும் வேறுபாட்டுப் பல்லிணை, பிடிப்பில்லாத சக்கரம் வீணாகச் சுற்ற இடம் கொடுத்துவிடுகிறது. சாலை வளைவில் வெளிச் சக்கரம் கூடுதல் தொலைவு ஓட வேண்டியிருப்பதால் அந்த அமைப்பு அவசியம். பாறையில் அதுவே பகை. எனவே பெரும்பாலான பாறையேறிகளில் இடமும் வலமும் ஒன்றாகச் சுற்றும்படி அச்சுகள் பூட்டப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றவை இழுக்கும். திரும்பும் வட்டம் சற்றுப் பெரிதாகும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

இரண்டாவது, வேகக் குறைப்பு. மோட்டார் நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுற்றுகிறது என்று கொள்வோம். பல்சக்கரங்கள் அதை 40இல் ஒரு பங்காகக் குறைத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 250 சுற்றுச் சுற்றும். டயரின் சுற்றளவு 36 செ.மீ. என்றால் வண்டி நிமிடத்துக்கு 90 மீட்டர் செல்லும். மணிக்கு 5.4 கி.மீ., அதாவது நம் நடை வேகம். வேகத்தில் விட்டுக்கொடுத்தது அத்தனையும் இழுவிசையாகத் திரும்பி வருகிறது. விளம்பரத்தில் 'மணிக்கு 40 கி.மீ.' என்று பெருமையாகப் போட்டிருந்தால் அந்த வண்டியைப் பாறையேறிப் பட்டியலிலிருந்து தயங்காமல் அடித்துவிடலாம்.

சாதாரண மோட்டார்களை 'டர்ன்' என்ற எண்ணால் குறிப்பர். அது சுருளில் கம்பி சுற்றப்பட்ட எண்ணிக்கை. எண் கூடினால் வேகம் குறையும், மெதுவான ஓட்டத்தில் கட்டுப்பாடு கூடும். ஒன்றுக்குப் பத்து அளவு வண்டிகளுக்கு 35 முதல் 55 டர்ன் வரை நன்று. கரித்துண்டு இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், முதல் வண்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

சரிவில் விசையை விட்டதும் வண்டி உருளாமல் நிற்க வேண்டும். மோட்டாரையே தடையாக்கி நிறுத்தும் இந்த ஏற்பாட்டுக்கு 'டிராக் பிரேக்' என்று பெயர். இதைச் செய்வது மின்வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. ஆர்வலர் மொழியில் ஈ.எஸ்.சி. டிராக் பிரேக் இல்லாத வண்டி ஏறிய வேகத்தில் பின்னால் சரிந்து வரும்.

இவை எல்லாவற்றையும்விடப் பலரும் கவனிக்கத் தவறுவது ஈர்ப்பு மையம். ஒரு பரீட்சை அட்டையின் மேல் வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, டயர் வழுக்காதபடி கீழ்ப்பக்கம் ஒரு ஸ்கேலை அணைகொடுத்து, அட்டையை மெல்லத் தூக்குங்கள். எந்தக் கோணத்தில் கவிழ்கிறது என்று பாகைமானியால் அளக்கலாம். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 16 செ.மீ., ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் இருந்தால், பாதி அகலமும் உயரமும் சமம். 45 பாகையில் கவிழும். ஈர்ப்பு மையம் 6 செ.மீ.க்கு இறங்கினால் அதே வண்டி 53 பாகை வரை தாங்கும். பத்தாம் வகுப்பில் 'டேன்' மதிப்பு எதற்கு என்று கேட்ட மாணவர்கள் எத்தனையோ பேர். அன்று என் கையில் இப்படியொரு வண்டி இல்லாமல் போயிற்று. கூரையில் உதிரிச் சக்கரம், பெட்ரோல் கேன், ஏணி என்று அலங்காரம் அடுக்கிய வண்டிகள் பார்க்க அழகுதான். ஒவ்வொன்றும் கவிழும் கோணத்தைக் குறைக்கும். எடை சேர்க்க வேண்டுமானால் சக்கரத்துக்கருகில், அச்சின் மேல் சேர்க்க வேண்டும். அதற்கென்றே பித்தளைப் பாகங்கள் விற்கின்றன.

டயர் கையால் அழுத்தினால் அமுங்குமளவு மென்மையாக இருக்கட்டும். கடினமான பிளாஸ்டிக் டயர் சிமெண்ட் தரையில்கூட வழுக்கும்.

எந்த அளவு?

வண்டிகள் மூல வாகனத்தின் விகிதத்தில் செய்யப்படுகின்றன. ஏறத்தாழ 4 மீட்டர் நீளமுள்ள மகிந்திரா தாரை எடுத்துக்கொண்டால், ஒன்றுக்குப் பத்தில் 40 செ.மீ., ஒன்றுக்குப் பதினெட்டில் 22 செ.மீ., ஒன்றுக்கு இருபத்துநான்கில் 17 செ.மீ. நீளம் வரும்.

அளவைத் தேர்வு செய்யும்போது பணத்தை மட்டும் பார்க்கிறோம். எந்த இடத்தில் ஓட்டப்போகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரு செங்கல் சுமார் 7 செ.மீ. உயரம். ஒன்றுக்குப் பத்து வண்டிக்கு அது 70 செ.மீ. திண்ணை. ஒன்றுக்கு இருபத்துநான்கு வண்டிக்கு அது 168 செ.மீ., ஓர் ஆள் உயரச் சுவர். அதாவது சின்ன வண்டிக்கு மொட்டை மாடியில் நாலு செங்கல்லும் ஒரு கூடை ஜல்லியும் இருந்தால் மலைத்தொடரே கிடைத்துவிடும். பெரிய வண்டிக்கு நிஜமான கல் வேண்டும், அதைத் தேடிப் போக வேண்டும், சுமந்து போக வேண்டும்.

வட சென்னையில் நிஜமான கல் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது கடற்கரை. துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு தெற்கே மெரினாவில் மணல் குவிந்தது. வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரிக்கத் தொடங்கியது. அந்த அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் இன்று அக்கரையின் அடையாளம். கிராலர் வாங்கிய இளைஞர் அங்கே போக ஆசைப்படுவது இயல்பு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர்க் கல், ஒன்றுக்குப் பத்து வண்டிக்கு 10 மீட்டர்ப் பாறை; மூன்று மாடிக் கட்டட உயரம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. வண்டி உள்ளே விழுந்தால் கை நுழையாது; நுழைந்தாலும் பாசி வழுக்கும், அலை எந்நேரத்திலும் ஏறும். வண்டியை எடுக்கப் பிள்ளைகள் அந்த இடுக்கில் இறங்குவார்கள் என்பதுதான் என் அச்சம். வண்டி போனால் போகட்டும். தூண்டில் வளைவின் மேல் இந்த விளையாட்டு வேண்டாம். அதன் மேல் உப்புக்காற்று வேறு. தாங்கு உருளைகளும் திருகாணிகளும் சில நாட்களில் துருப்பிடிக்கும்.

மாடியோ முற்றமோ மட்டும் உள்ளவருக்கு ஒன்றுக்கு இருபத்துநான்கு அல்லது பதினெட்டு. வண்டியில் ஏற்றிக்கொண்டு வார இறுதியில் வெளியே போகக்கூடியவருக்கு ஒன்றுக்குப் பத்து. சிறிய வண்டிகளுக்கு ஒரு குறை உண்டு. பலவற்றில் ரிசீவரும் ஈ.எஸ்.சி.யும் ஒரே பலகையில் சேர்ந்திருக்கும். ஒன்று பழுதானால் இரண்டையும் மாற்ற வேண்டும். பெரிய வண்டியில் எல்லாம் தனித்தனி. திருகாணிகள் பெரும்பாலும் 3 மி.மீ., சக்கரம் பொருந்தும் அறுகோணம் 12 மி.மீ., சர்வோவின் முனை 25 பல் என்று பொது அளவுகள் புழக்கத்தில் இருப்பதால் ஒரு நிறுவனத்தின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தும். தாங்கு உருளையும் திருகாணியும் பாரிமுனைக் கடைத்தெருக்களில் அளவு சொல்லிக் கேட்டு வாங்கலாம். மின்கம்பி, பிளக், ஸ்விட்ச் ஆகியவற்றுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. உடைந்த பாகத்தைக் கையோடு எடுத்துப் போவது நல்லது.

அறியப்பட்ட வண்டிகள்

ரேடியோவால் ஒரு வண்டியை இயக்கலாம் என்று 1898இல் நியூயார்க்கில் ஒரு சிறு படகைக் கொண்டு காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. மேடுபள்ளம் ஏறும் சிறு வண்டிகளில் முன்னோடி, சப்பானின் தமியா நிறுவனம் 1981இல் வெளியிட்ட டொயோட்டா ஹைலக்ஸ். நம் லாரிகளில் உள்ள கமான் பட்டையும் மூன்று கியரும் அதில் இருந்தன. அதே நிறுவனத்தின் 1987ஆம் ஆண்டுக் 'கிளாட் பஸ்டர்' வண்டியின் அச்சுகளைக் கழற்றி, தாமே செய்த சட்டகத்தில் மாட்டித்தான் தொடக்கக்காலப் பாறையேறிகள் பல உருவாயின.

இன்று ஒன்றுக்குப் பத்து அளவில் அதிகம் பேசப்படுபவை ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்.சி.எக்ஸ். 10 வரிசையும், டிராக்சஸ் 2017இல் கொண்டுவந்த டி.ஆர்.எக்ஸ். 4உம். பின்னதில் அச்சுகளைப் பூட்டவும் திறக்கவும் ரிமோட்டிலேயே வசதி உண்டு. அச்சின் நடுப்பகுதி தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் 'போர்ட்டல்' அமைப்பும் அதில் உள்ளது. இரண்டும் முதல் வண்டிக்கு விலை மிகுந்தவை. ஆக்சியலின் எஸ்.சி.எக்ஸ். 24, டிராக்சஸ் 2022இல் வெளியிட்ட டி.ஆர்.எக்ஸ். 4 எம் ஆகியவை முறையே ஒன்றுக்கு இருபத்துநான்கு, பதினெட்டு அளவுகள். தொடக்கநிலையாளருக்கு ஏற்றவை, உதிரிப் பாகங்கள் தாராளம்.

இவற்றுக்கும் கீழே, சீனத்தின் டபிள்யூ.பி.எல்., எம்.என். ஆகிய நிறுவனங்களின் வண்டிகள் உள்ளன. ராணுவ லாரி, ஹைலக்ஸ், லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற உருவங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பிளாஸ்டிக் பாகங்கள் மெலிது, மோட்டாரும் சர்வோவும் சிறிது. ஆயினும் பாகங்கள் தனித்தனியாகக் கிடைக்கின்றன. உலோக அச்சும் பல்சக்கரமும் மாற்றிப் பொருத்தலாம். கழற்றிப் பூட்டக் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. எண்ணூர் லேலண்ட் தொழிற்சாலையை அன்றாடம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு லாரி உருவம் கூடுதலாகப் பிடிக்கக்கூடும்! ஒரு எச்சரிக்கை: வாங்கிய மலிவு வண்டிக்கு மாதந்தோறும் ஒரு உலோகப் பாகம் என்று சேர்த்துக்கொண்டே போனால், ஓராண்டில் நல்ல வண்டியின் விலையைத் தாண்டிவிடும். உடைந்ததை மட்டும் மாற்றுங்கள்.

பேட்டரி

இங்கேதான் பெற்றோர் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். இரண்டு வகை பேட்டரிகள் புழக்கத்தில் உள்ளன. நிக்கல் உலோக ஐதரைடு வகை, ஓர் அறைக்கு 1.2 வோல்ட்; ஆறு அறைகள் சேர்ந்து 7.2 வோல்ட். கனமானது, ஆனால் முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும். லித்தியம் பாலிமர் வகை, சுருக்கமாக லைப்போ, ஓர் அறைக்கு 3.7 வோல்ட், இரண்டு அறை சேர்ந்து 7.4 வோல்ட். இலகுவானது, வலுவானது, தவறாகக் கையாண்டால் தீப்பிடிக்கும்.

லைப்போவின் ஓர் அறை முழுதாக ஏறும்போது 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. சில நாள் ஓட்டாமல் வைப்பதானால் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். அறைகளைச் சமன் செய்யும் 'பேலன்ஸ் சார்ஜர்' மட்டுமே பயன்படுத்துக. 2200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு 2.2 ஆம்பியருக்கு மேல் ஏற்றாதீர்கள். மெத்தை, பாய், திரைச்சீலைக்கு அருகில் ஏற்ற வேண்டாம். சிமெண்ட் தரையில், உலர்ந்த மணல் பரப்பிய மண் சட்டியில் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஏற்றலாம். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ குப்பைத் தொட்டியில் போடவோ கூடாது. மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

சிறுவர் கையில் கொடுக்கும் வண்டிக்கு நிக்கல் வகையே என் பரிந்துரை. ஈ.எஸ்.சி.யில் எந்த வகை என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு இருந்தால் அதைச் சரிபார்த்த பிறகே இணைக்கவும். லைப்போவை நிக்கல் அமைப்பில் ஓட்டினால் நிறுத்துமிடம் தெரியாமல் அடி வரை வற்றி வீணாகும்.

வாங்கும் வழி

உள்நாட்டு இணையக் கடைகளிலும் பொழுதுபோக்கு மாதிரி விற்கும் கடைகளிலும் கிடைப்பதை முதலில் பாருங்கள். சீனத்திலிருந்து நேரடியாக வாங்கப் பலரும் பயன்படுத்திய அலிஎக்ஸ்பிரஸ் செயலியை இந்திய அரசு 2020 நவம்பரில் தடை செய்தது. பொம்மைகளின் இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60க்கும், 2023இல் 70க்கும் ஏறியது. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 சனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். வெளிநாட்டில் மலிவாகத் தெரியும் விலை மாதவரத்தில் வீட்டு வாசலுக்கு வரும்போது வேறாகிவிடும். வாங்கும் நாளில் நடப்பிலுள்ள வரியைக் கேட்டறிந்து கணக்கிடுக.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ சித்தப்பா வரும்போது வாங்கிவரச் சொல்வது நம் வழக்கம். வண்டியைப் பெட்டியில் வைக்கலாம். தனி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், முனைகளை டேப்பால் மூட வேண்டும். 100 வாட் மணி வரை பொதுவாக விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவையில்லை. 7.4 வோல்ட், 5 ஆம்பியர் மணி பேட்டரி 37 வாட் மணிதான்.

ரிமோட் 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையில் இயங்குவதாக இருக்கட்டும். குறைந்த திறனில் இதைப் பயன்படுத்த 2005 முதல் இந்தியாவில் உரிமம் தேவையில்லை.

பணத்தை முழுதும் வண்டிக்கே செலவிட்டுவிடாதீர்கள். கையிலுள்ளதில் கால் பங்கையாவது சார்ஜர், இரண்டாவது பேட்டரி, 1.5, 2, 2.5 மி.மீ. அறுகோணத் திருப்புளிகள், ஒரு சர்வோ ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். முதலில் போவது பெரும்பாலும் சர்வோதான். முன் சக்கரம் கல்லிடுக்கில் சிக்கியிருக்கும்போது திருப்பிக்கொண்டே இருந்தால் அதன் உள்ளே உள்ள பிளாஸ்டிக் பல் உதிரும். சிக்கினால் திருப்புவதை விட்டு, முதலில் பின்னால் எடுக்க வேண்டும்.

ஓட்டிப் பழகும் இடம்

மிக்ஸி வந்த பிறகு பல வீடுகளில் அம்மியும் ஆட்டுக்கல்லும் மாடிப்படி ஓரத்தில் கிடக்கின்றன. ஆட்டுக்கல்லின் வளைந்த விளிம்பு சின்ன வண்டிக்கு முதல்தரமான சோதனை. கூடவே செங்கல், தேங்காய் மட்டை, பழைய விறகுக் கட்டை. வீடு கட்டும் இடத்து ஜல்லிக் குவியல் நன்று, உரிமையாளரிடம் கேட்டுக்கொள்க. சாலையோரம் வேண்டாம், மாதவரத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுநர் கண்ணுக்கு 17 செ.மீ. வண்டியும் தெரியாது, அதன் பின்னால் குனிந்திருக்கும் பிள்ளையும் தெரியாது. துறைமுகம், எண்ணெய் ஆலை ஆகியவற்றின் மதிலோரத்திலும் ரிமோட்டுடன் நிற்பதைத் தவிர்க்கவும்.

ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி, அச்சில் சுற்றிய தலைமுடி, நூல், புல் எதையும் குறட்டால் எடுத்துவிடுங்கள். நனைந்திருந்தால் நல்ல தண்ணீரில் துடைத்து, விசிறிக்குக் கீழே உலர்த்தி, தாங்கு உருளைகளில் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்டு வைக்கவும். சக்கரத் திருகாணிகள் நான்கும் இறுக்கமாக உள்ளனவா என்று பார்ப்பது ஓட்டுமுன் செய்ய வேண்டிய வேலை.